ஒரே ஐஸுக்கு இரண்டு சீட்டு

"என் சீட்டுல ஞாயித்துக்கிழமை ரெண்டு மணின்னு போட்டிருக்கு. உன் சீட்டுல என்னடா போட்டிருக்கு?" என்று ஓர்வில் கத்தினார்.

"எனக்கும் ரெண்டு மணிதான். கீழே என் பேரும் கொட்டை எழுத்துல இருக்கு. கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டுப் பாரு!" ஹாகன் அதைவிட உரக்கக் கத்தினார்.

வில்லோ ஃபோர்க் ஊரின் ஐஸ் அரங்கம். தளத்துக்குள் இறங்கும் சின்னக் கதவை மறித்துக்கொண்டு, காலில் ஸ்கேட்டும் கையில் ஹாக்கி மட்டையுமாகப் பதினைந்து கிழவர்கள் நின்றார்கள். பாதிப் பேர் ஓர்வில் பக்கம், மீதிப் பேர் ஹாகன் பக்கம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. உள்ளேயும் குளிர் ஒன்றும் குறைவில்லை.

அந்த இரண்டு சீட்டையும் கொடுத்த பாவி, சிற்றுண்டிக் கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். பெயர் கெல்வின் டூக். வயது நாற்பத்திரண்டு. அரங்கத்தின் முன்பதிவு முழுக்க அவன் எழுதிய கணினி நிரலில்தான் நடந்தது. கால்கரியில் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், சொந்தமாகத் தொழில் செய்கிறேன் என்று வீராப்பாக வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். வந்த பிறகு கிடைத்த வாடிக்கை மொத்தமே ஒன்று, இந்த அரங்கம். சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஆறு ஊர்கள், "வில்லோ ஃபோர்க்ல எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுச் சொல்றோம்" என்று காத்திருந்தன.

ஓடத்தான் செய்தது. வாரத்தில் எழுபது மணி நேர ஐஸையும் யார் யாருக்கு எப்போது என்று அழகாகப் பிரித்துக் கொடுத்தது. ஞாயிறு இரண்டு மணியை மட்டும் இரண்டு பேருக்குக் கொடுத்தது.

"தூணுக்குப் பின்னால என்ன வேலை? வெளியே வா" என்று கெல்வினின் காலரைப் பிடித்து இழுத்தாள் மோனா. அரங்கத்தின் நிர்வாகி அவள்தான். குட்டையான உருவம், ஊரைத் தூக்கும் குரல்.

"இதோ வந்துட்டான் மகராசன்!" என்றார் ஓர்வில். "ஏன் தம்பி, எட்டு வாரமா இதே கூத்து. உன் மெஷினுக்கு ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டுன்னு எண்ணத் தெரியாதா?"

"தெரியும் சார். அதனாலதான் ரெண்டு சீட்டு" என்று வாய்க்குள் முனகினான் கெல்வின்.

மோனா கையைத் தட்டினாள். "எட்டு வாரமா சொன்னதையேதான் இப்பவும் சொல்றேன். ஒண்ணு வீட்டுக்குப் போங்க. இல்ல, எதிரெதிரா நின்னு ஆடித் தொலைங்க."

"இவன்கூடவா? செத்தாலும் மாட்டேன்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பிறகு எட்டு வாரமாகச் சொன்னதுபோலவே, "சரி, இந்த ஒரு தடவைதான். மெஷின் பண்ணின தப்புக்காக" என்று உறுமிக்கொண்டே ஐஸில் இறங்கினார்கள். அடுத்த ஒரு மணி நேரம் மட்டைகள் மோதுகிற சத்தமும் வசவும் கூரையைப் பிளந்தன.

இந்தப் பகைக்குக் காரணம் இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன்னால் இவர்கள் எல்லாரும் ஒரே அணி. ஒரு இறுதிப் போட்டியில் ஹாகன் அடித்த கோலை, "அது மட்டையில படல, கால்ல பட்டுப் போச்சு" என்று நடுவரிடம் போய்ச் சொன்னவர் வேறு யாருமில்லை, சொந்த அணிக்காரரான ஓர்வில்தான். அன்று மாலையே அணி இரண்டாகப் பிளந்தது. ஓர்வில் பக்கம் 'துருப்பிடித்த பிளேடுகள்', ஹாகன் பக்கம் 'இரும்பு முட்டிகள்'. இனிமேல் எதிர்ப்பக்கத்தானோடு தானாக விரும்பிப் போய் ஆடுகிறவன் அணியை விட்டு நீக்கப்படுவான் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டதில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சட்டம் அப்படியே இருந்தது.

மோனா கெல்வினைச் சிற்றுண்டிக் கடை மேசை ஒன்றின் முன்னால் உட்கார வைத்தாள். கடைக்காரி பெர்லிட்டா இரண்டு காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. என்னதான் வியாதி இதுக்கு?"

"ரேஸ் கண்டிஷன்னு பேரு."

"பேரு கிடக்கட்டும்."

கெல்வின் மூச்சை இழுத்துவிட்டான். "டப்பாவுல ஒரே ஒரு டோனட் இருக்குன்னு வச்சுக்க. நீயும் நானும் ஒரே நேரத்துல மூடியைத் தூக்கிப் பாக்கறோம். 'இருக்கு'ன்னு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறோம். அப்புறம்தான் கையை விடறோம். என் புரோகிராமும் அப்படித்தான். முதல்ல ஐஸ் காலியான்னு பாக்கும். அப்புறம் எழுதும். நடுவுல ரெண்டு செகண்டு இடைவெளி. வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு அடுத்த வாரத்துப் பதிவு திறக்குதில்ல? அந்த ரெண்டு செகண்டுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் அடிச்சுப் பிடிச்சு அமுக்கறாங்க. ரெண்டு பேருக்குமே 'காலி'ன்னு காட்டுது."

"அப்ப இடைவெளியை அடைச்சுடு."

"அதைத்தான் பண்ணப் போறேன்."

"சீக்கிரம் பண்ணு. பிப்ரவரி கடைசித் திங்கக்கிழமை நகர மன்றத்துல உன் ஒப்பந்தம் வருது. இந்த ரெண்டு கெழமும் வாராவாரம் போடற கூச்சல் மன்றத்துக்கே கேக்குது. அதுக்குள்ள சரியாகலைன்னா பழையபடி நோட்டுல பேரெழுதறதுக்கே போயிடுவாங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

வீட்டுக்குப் போனால் மனைவி நோரீன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா... அளந்துட்டியா?... கட்டில் போகுமா?"

கெல்வினுக்குப் பகீரென்றது. "எதை அளக்கறாங்க?"

"ரெஜைனாவுல இருக்கற அம்மா வீட்டோட கீழ்த்தளத்தை. உனக்கு இந்த ஒப்பந்தம் போச்சுன்னா வாடகை குடுக்க முடியாதில்ல? உன் மேசையைக் கொதிகலன் பக்கத்துல போட்டுக்கலாமாம்."

"இன்னும் ஒண்ணும் முடிவே ஆகலையே!"

"அம்மா எப்பவும் முன்கூட்டியே யோசிப்பாங்க."

கெல்வின் ஆறடி இரண்டங்குலம். அந்தக் கீழ்த்தளத்தின் கூரை சரியாக ஆறடி. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் தங்கினபோது பதினொரு தடவை குழாயில் தலையை இடித்துக்கொண்டான். தலைக்கு மேலே மாமியார் காலை ஏழு மணிக்கே ஆக்கார்டியனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போல்கா என்கிற ஆட்ட மெட்டை வாசிப்பார். ஒரே போல்கா. நடுவில் ஒரு இடத்தில் தப்பும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஆயுசு முழுக்க அதற்குக் கீழே குனிந்தபடி உட்கார்ந்து நிரல் எழுதுவதை நினைத்ததும் அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

திங்கட்கிழமையே உட்கார்ந்தான். இரண்டு நொடி இடைவெளியைக் கண் சிமிட்டும் நேரமாகக் குறைத்தான். அதுவும் போதாதென்று, எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை 'காலியா' என்று பார்க்க வைத்தான். மனிதர்களால் இந்த இடைவெளிக்குள் ஒன்றாக அமுக்கவே முடியாது என்று நோரீனிடம் அடித்துச் சொன்னான்.

வியாழன் நண்பகல். வீட்டில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு அடித்தது. ஓர்விலின் விண்ணப்பம். ஹாகனின் விண்ணப்பம். இரண்டுக்கும் நடுவில் கண் சிமிட்டக்கூட நேரமில்லை. இரண்டுமே முதல் தடவை பார்த்தன, காலி. இரண்டாம் தடவை பார்த்தன, காலி. இரண்டுமே எழுதின. ஒவ்வொரு தடவை பார்த்ததற்கும் ஒரு சீட்டு வேறு அனுப்பி வைத்தன.

ஞாயிற்றுக்கிழமை ஓர்வில் கையை உயர்த்தி ஆட்டினார். "என்கிட்ட ரெண்டு சீட்டு இருக்கு! உன்கிட்ட எத்தனைடா?"

"என்கிட்டயும் ரெண்டு!"

மோனா நாலு சீட்டையும் வாங்கிச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தாள். "போன வாரம் ரெண்டுதான் இருந்துச்சு. முன்னேற்றம்தான்" என்றாள் கெல்வினிடம்.

கெல்வின் விடவில்லை. இனிப் பூட்டுதான் என்று முடிவு செய்தான். ஒருவர் பதிவு செய்யும்போது ஐஸைப் பூட்டிவிட வேண்டும். அடுத்தவர் பூட்டு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற விஷயம். ஒரே ஒரு சிக்கல். ஆட வருகிறவனுக்கு ஐஸ் மட்டும் போதாது, உடை மாற்ற அறையும் வேண்டும். ஆகவே இரண்டு பூட்டு. ஓர்வில் போனில் பதிவு செய்கிறவர். போனுக்கான நிரல் முதலில் ஐஸைப் பூட்டி, பிறகு அறையைக் கேட்டது. ஹாகன் மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் இணையதளத்தைத் திறக்கிறவர்; இணையதளம் முதலில் அறையைப் பூட்டி, பிறகு ஐஸைக் கேட்டது. இரண்டையும் எழுதினவன் ஒருவன்தான். நடுவில் எட்டு மாதம் ஆகிவிட்டதால் எதை எப்படி எழுதினோம் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

வியாழன் பன்னிரண்டு மணிக்கு ஓர்வில் ஐஸைப் பிடித்துக்கொண்டு அறைக்காகக் காத்திருந்தார். ஹாகன் அறையைப் பிடித்துக்கொண்டு ஐஸுக்காகக் காத்திருந்தார். ஊர் நாற்சந்தியில் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் வந்து நின்று, "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று கையாட்டிக்கொண்டே நிற்குமே, அதே கதை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். கெல்வின் பதறிப்போய் எல்லாவற்றையும் அணைத்து மறுபடி ஏற்றினான். ஏற்றின மறு நிமிடமே இரண்டு விண்ணப்பமும் ஒன்றாக வந்து மறுபடி கட்டிப் புரண்டன. நாலு தடவை ஏற்றினான். நாலு தடவையும் அதே கதி. ஐந்தாவது தடவை கணினியின் மேல் நெற்றியை வைத்து அப்படியே படுத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் யாரையும் ஐஸில் இறக்கக்கூடாது என்பது காப்பீட்டுக்காரர்கள் போட்ட சட்டம். ஐஸை வழவழப்பாக்குகிற வண்டி மட்டும் ஆளில்லாத தளத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்கேட்டிங் பழகும் பெண் குழந்தைகளின் அம்மாக்கள் முப்பத்தாறு பேர் மோனாவுக்குப் போன் செய்தார்கள்.

"தம்பி, இங்க வா" என்றார் ஹாகன். அன்றைக்கு அவர் நிஜமாகவே கோபமாக இருந்தார். "எங்க ஆளுங்க பாதிப் பேரு அரிசோனாவுல வெயில் காயப் போயிட்டாங்க. எங்க கோல்கீப்பரும் போயிட்டான். மிச்சம் இருக்கறது ஏழு பேரு. வாரம் பூரா இந்த ஒரு மணி நேரத்துக்காக முட்டிக்கு எண்ணெய் தடவிட்டு உக்காந்திருக்கோம். வந்து பாத்தா ஐஸே இல்லங்கற. நல்லா இருப்பியா நீ?"

"மன்னிச்சிடுங்க சார். அடுத்த வாரம் கண்டிப்பா..."

"நீ ஒண்ணும் கண்டிப்பா பண்ண வேணாம். பழையபடி ரெண்டு சீட்டாவது குடு!" என்று பின்னாலிருந்து கத்தினார் ஓர்வில். ஹாகன் அவரைத் திரும்பி முறைத்தார். ஓர்வில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெஷினா இது, மண்ணாங்கட்டி!" என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் கெல்வின் நிரலுக்கு மரியாதை கற்றுக்கொடுத்தான். பூட்டுக்காக மூன்று நொடி காத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கையில் இருப்பதையும் விட்டுவிட்டு, பதிவு செய்கிறவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடி முயற்சி செய்ய வேண்டும். யாரும் யாரையும் மறித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

நிற்கவில்லைதான். இரண்டு பக்கமும் மூன்று நொடி காத்திருந்து, ஒரே கணத்தில் விட்டுக்கொடுத்து, ஒரே கணத்தில் மன்னிப்புக் கேட்டு, ஒரே கணத்தில் மறுபடி பிடித்தன. பிறகு மறுபடி விட்டுக்கொடுத்தன. கெல்வின் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஆளுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது மன்னிப்பு போயிருந்தது. ஓர்வில் வீடு திரும்பின பிறகும் ஓயாமல், சமையலறையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்த அவர் போன் பீட்ரூட் சூப் பானைக்குள் விழுந்துவிட்டதாக அவர் மனைவி மோனாவிடம் புகார் கொடுத்தாள்.

"எதுக்கெடுத்தாலும் மன்னிப்பு கேக்கறதுக்கு இந்த நாட்டுல நாமளே முப்பது நாப்பது மில்லியன் பேரு இருக்கோம்" என்றாள் மோனா போனில். "மெஷினும் கேக்கணுமா? கெல்வின், உன்னைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா இன்னும் மூணு வாரம்தான்."

கெல்வின் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவே தோன்றவில்லை. பத்தாயிரம் பொய்க் கேப்டன்களைக் கணினிக்குள் உருவாக்கி, பழைய நிரலைப் போட்டு, இரண்டு நாள் விடாமல் ஐஸைப் பதிவு செய்ய விட்டுப் பார்த்திருந்தான். பத்தாயிரம் பேரும் முட்டி மோதியும் இரண்டே தடவைதான் ஒன்றாக அமுக்கினார்கள். இந்த இரண்டு கிழவர்கள் மட்டும் வாராவாரம், ஒரு தடவைகூடத் தவறாமல் எப்படி அமுக்குகிறார்கள்? தன் நிரலில் தனக்கே தெரியாத ஏதோ ஒரு பேய் இருக்கிறது என்று அவன் நம்ப ஆரம்பித்தான். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்து என்ன பிரயோஜனம்? தானியக் கிடங்கில் மூட்டை தூக்கப் போயிருக்கலாம். மூட்டை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது.

நோரீன் ஒரு தட்டில் ரொட்டியை வைத்து அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "சாப்பிடு."

"வேணாம்."

"ஒண்ணு கேக்கவா? இதுக்கு முன்னால ஒரு நோட்டு இருந்துச்சில்ல, அதுல எப்படி எழுதுவாங்க?"

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அதுல பேரை எழுதுவாங்க."

"ஒருத்தர் எழுதிட்டா அடுத்தவர் எங்க எழுதுவாரு?"

"எழுத முடியாது. அதான் கோடு நிறைஞ்சிருக்குமே..." என்று ஆரம்பித்தவன், வாயைத் திறந்தபடியே நிறுத்தினான்.

காலியா என்று ஏன் பார்க்க வேண்டும்? பூட்டு எதற்கு? பார்க்காமலே எழுதச் சொல்ல வேண்டியதுதானே. ஒரு மணி நேரத்துக்கு ஒரே கோடு என்று தரவுத்தளத்திடம் சொல்லிவிட்டால், முதலில் வந்தவர் எழுதிவிடுவார், அடுத்தவரை அதுவே திருப்பி அனுப்பிவிடும். இத்தனை வாரமாகப் போட்ட பூட்டு, சாவி, மன்னிப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினான். எழுதி முடித்துவிட்டு அந்த வரியைப் பார்த்துப் பார்த்து அழுதான். அழுகை சந்தோஷத்தில் வந்ததா அவமானத்தில் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

பொய்க் கேப்டன்களை மறுபடி அவிழ்த்துவிட்டான். இந்தத் தடவை எல்லாரையும் வேண்டுமென்றே ஒரே கணத்தில் அமுக்க வைத்தான். இரண்டு நாள். கோடிக்கணக்கான மோதல். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சீட்டுதான்.

வியாழன் பன்னிரண்டு மணிக்கு, வழக்கம்போலவே, ஓர்விலும் ஹாகனும் ஒரே கணத்தில் வந்தார்கள். ஹாகனுக்குச் சீட்டு. ஓர்விலுக்கு, "இந்த நேரம் நிரம்பிவிட்டது" என்று ஒரே ஒரு வரி. கெல்வின் நோரீனைத் தூக்கிச் சுற்றினான். நோரீன் அவன் தலை விளக்கில் இடிக்காமல் பார்த்துக்கொண்டாள். பிறகு அவனே ரெஜைனாவுக்குப் போன் போட்டு, "அத்தை, கீழ்த்தளத்துல நீங்களே உக்காந்து வாசிங்க. அங்க எதிரொலி நல்லா இருக்கும்" என்றான்.

ஞாயிறு இரண்டு மணிக்கு அரங்கத்துக்குப் போனான். தூணுக்குப் பின்னால் ஒளியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக் கதவுப் பக்கத்திலேயே நின்றான்.

சத்தமே இல்லை.

ஹாகனின் ஏழு பேர் சீட்டைக் காட்டிவிட்டு ஐஸில் இறங்கினார்கள். ஓர்விலின் ஆட்கள் எட்டுப் பேரும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், பார்வையாளர் பலகையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாகனின் ஆட்கள் மூன்று பேரும் நாலு பேருமாகப் பிரிந்து நின்றார்கள். கோல்கீப்பர் கிடையாது. ஒருவர் அடித்தார், பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு ஆளில்லாத வலைக்குள் போனது. இன்னொருவர் போய் மெதுவாக எடுத்து வந்தார். மறுபடி அடித்தார்கள், மறுபடி உள்ளே போனது. இருபது நிமிடத்தில் ஒருவர், "போதும்ப்பா" என்றார். எல்லாரும் கரையேறிவிட்டார்கள்.

கெல்வின் ஓர்விலிடம் போனான். "பாத்தீங்களா சார்? இனிமே ரெண்டு சீட்டு வரவே வராது."

"தெரியுது" என்றார் ஓர்வில். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஹாகன் ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே தலையைத் தூக்கினார். "நல்லா வேலை செய்யுது தம்பி. ரொம்ப நல்லா வேலை செய்யுது." குரலில் சுரத்தே இல்லை. வயசானவர், மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று கெல்வின் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஓர்விலுக்குச் சீட்டு விழுந்தது. அவருடைய எட்டுப் பேரில் ஒருவர் கோல்கீப்பர். மற்ற ஏழு பேரும் அந்த ஒருவரையே குறிவைத்து அடித்தார்கள். கால் மணி நேரத்தில் அவர் முகமூடியைக் கழற்றி ஐஸில் வீசிவிட்டு, "என்னை விட்டுடுங்கடா, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். அன்று பலகையில் ஹாகனின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கெல்வின் மட்டும்தான் அரங்கத்தில் சிரித்த முகமாக இருந்தான். ஒரு புகார்கூட வராத இரண்டாவது ஞாயிறு அது.

திங்கட்கிழமை மன்றம் கூடியது. செவ்வாய் காலை மோனா அவனைச் சிற்றுண்டிக் கடைக்கு வரச் சொன்னாள். நல்ல சேதிதான் என்று கெல்வின் சவரம் செய்துகொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

மோனா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்றத்துல ஏழு பேர்ல அஞ்சு பேரு வேணாம்னுட்டாங்க, கெல்வின். இந்த மாசத்தோட உன் ஒப்பந்தம் முடிஞ்சுது. பழைய நோட்டுதான்."

"என்ன விளையாடறியா? ரெண்டு வாரமா ஒரு புகார் உண்டா?"

"புகார் இல்ல. இது வந்துச்சு." இரண்டு காகிதங்களை மேசையில் வைத்தாள். "துருப்பிடித்த பிளேடுகள் அணியைக் கலைக்கறாங்களாம். இரும்பு முட்டிகளும் கலைக்கறாங்களாம். ரெண்டு கடிதமும் ஒரே நிமிஷத்துல வந்து சேந்துச்சு. காரணம், 'புதிய ஏற்பாடு எங்களுக்கு ஒத்துவரவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருக்காங்க. பதினேழு வருஷமா ஆடின ரெண்டு அணி, நீ சரி பண்ணின பதினஞ்சாவது நாள் கலையுதுன்னா மன்றம் என்ன நினைக்கும்? ஊர்ல இருக்கற கெழவங்களைத் துரத்தற மெஷின் நமக்கு எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. உடனே ஓட்டெடுப்பு வச்சுட்டாங்க."

"அந்த ஆறு ஊரு?"

"அவங்களுக்கும் சேதி போயிடுச்சு."

மோனா அவன் தோளை ஒரு தடவை தட்டிவிட்டு எழுந்து போனாள். கெல்வின் இரண்டு கடிதங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், மாமியார் நம்பர். அடித்து ஓயட்டும் என்று மேசையில் கவிழ்த்து வைத்தான். மண்டை உச்சியில், குழாய் இடிக்கும் அந்த இடம், இப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

பெர்லிட்டா துணியோடு வந்து அவன் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். "என்னாச்சு, முகம் செத்துக் கிடக்கு?"

கெல்வினுக்கு அழுகை முட்டியது. "நான் என்ன பாவம் பண்ணினேன் அக்கா? பதிவு திறந்ததும் அந்த ரெண்டு பேரும் ஒரே கணத்துல அமுக்கினாங்க, ரெண்டு பேருக்கும் சீட்டு போச்சு. பத்தாயிரம் பேரை வச்சு ரெண்டு நாள் முயற்சி பண்ணியும் ரெண்டு தடவைக்கு மேல வராத மோதல், இவங்களுக்கு மட்டும் வாராவாரம் வந்துச்சு. அதுக்காகத்தானே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க? ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டு அதைச் சரி பண்ணினேன். அதுக்கா இந்தக் கடிதம்?"

பெர்லிட்டா துடைப்பதை நிறுத்தினாள்.

"அடப்பாவி, அதைப் போய் ஏன் சரி பண்ணினே? வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு அந்த ரெண்டு கெழமும் ஒண்ணு போனையும் இன்னொண்ணு டேப்லெட்டையும் கையில வச்சுக்கிட்டு இதோ, இதே மேசையிலதான் எதிரெதிரா உக்காந்திருக்கும். 'ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கு'ன்னு எண்ணிச் சொல்றதே நான்தானே!"